முரட்டு நாயகனை வாசகிகள் விரும்புவது ஏன்?

மில்ஸ் அண்ட் பூன் போன்ற ஆங்கிலக் காதல் நாவல்களில் வரும் நாயகன் பெரும்பாலும் உயரமானவன், செல்வந்தன், சிடுமூஞ்சி. எதையும் கேட்டுப் பழகாதவன். உத்தரவு போட்டே பழகியவன். நேரில் இப்படி ஒருவன் பெண் பார்க்க வந்தால் வீட்டார் தயங்குவார்கள். புத்தகத்தில் மட்டும் அவனைத் தேடித் தேடிப் படிப்பது ஏன்?

இந்த நாயகனுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1919இல் இ.எம். ஹல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய 'தி ஷேக்' நாவலில், அல்ஜீரியப் பாலைவனத்தில் பயணம் செய்யும் டயானாவை அகமது பென் ஹசன் கடத்திச் சென்று பலவந்தப்படுத்துகிறான். பிறகு அவளே அவன்மீது காதல் கொள்கிறாள். (கடைசியில் அவன் ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவன் என்று தெரியவரும். அக்கால வெள்ளையரின் மனப்பான்மை அப்படி!) 1921இல் ருடால்ஃப் வாலண்டினோ நடித்துப் படமானபோது அந்தப் பலவந்தம் மட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த கேத்லின் வூடிவிஸின் 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' நாவலிலும் காதலுக்கு முன்னால் பலவந்தமே வருகிறது.

இக்கதைகளில் உடல் ஈர்ப்பு தந்திரமான ஒரு வேலையைச் செய்கிறது. நாயகியின் வாய் 'வேண்டாம்' என்கிறது, நெஞ்சோ படபடக்கிறது. ஆசையை வெளியே சொன்னால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்றிருந்த காலத்தில், ஆண் முந்திக்கொண்டதாக எழுதிவிட்டால் பழி அவள்மீது விழாது. அந்த வசதிக்குக் கொடுத்த விலை பெரிது. 'வேண்டாம்' என்றால் 'வேண்டும்' என்று பொருள்கொள்ள அது பழக்கிவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, இந்நாவல்களை விரும்பிப் படிக்கும் பெண்களிடமே பேசி 1984இல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அப்பெண்களுக்குக் கொடுமை பிடிக்கவில்லை. நாயகனின் கடுமைக்குள் ஒளிந்திருக்கும் பரிவைத்தான் தேடினார்கள். முடிவை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுப் படிப்பவர்களும் அவர்களில் இருந்தனர்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நாயகிக்கு இல்லாத ஓர் உறுதி வாசகிக்கு உண்டு: இவன் கடைசியில் பணிந்துவிடுவான். அதனால், அவன் நாயகியின் மணிக்கட்டை இறுகப் பற்றும்போது வாசகி அதைக் காதல் என்றே படிக்கிறாள். வீட்டில் அதே பிடி பிடிக்கும் கணவனுக்குக் கடைசி அத்தியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. பதின்ம வயதுப் பெண்பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதைவிட, இந்த வேறுபாட்டைத் தாய்மார் எடுத்துச் சொல்வது பயன் தரும்.

நாயகனும் மாறாமல் இல்லை. முன்பு கதை பெரும்பாலும் நாயகியின் கண்வழியே நகரும். அவன் மனத்தில் இருப்பது இறுதிவரை மர்மம். பின்னர் அவனுடைய எண்ணங்களும் எழுதப்பட்டன. இன்றைய நாவல்கள் பலவற்றில், நெருங்கும் முன் அவளுடைய சம்மதத்தைக் கேட்கிறான். செல்வமும் சிடுசிடுப்பும் மட்டும் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.