ஓடும் வீடும் எண்ணெய் விலையும்

வீடு என்பது நின்ற இடத்தில் நிற்க வேண்டியது. வண்டி என்பது ஓட வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு வெகு நாளாகவே இருந்து வருகிறது. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையும் கூஜாவுமாகத் திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் முன்னோர்கள் அந்த ஆசையை ஓரளவு தீர்த்துக்கொண்டார்கள். மேல்நாட்டாரோ அதைப் பூரணமாகவே தீர்த்துக்கொள்ள முயன்றார்கள்.

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர், உண்பதற்கும் உறங்குவதற்கும் வசதியாக ஒரு வண்டியைக் கட்டச் செய்து, அதற்கு 'வாண்டரர்', அதாவது 'நாடோடி', என்று பெயரிட்டார். உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு அதுதான் என்று சொல்லுவதுண்டு. அதை இழுத்தவை குதிரைகள். வழியில் புல்லும் கொள்ளும் கிடைத்தால் பிரயாணம் நடக்கும். பாரசீக வளைகுடாவில் என்ன நடக்கிறது என்று அந்த வைத்தியர் பத்திரிகையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தக் கவலை மோட்டாரோடு கூட வந்தது. அது வந்த விதத்தையும், அதற்கு ஜனங்கள் கண்ட பரிகாரத்தையும் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்கர் கட்டிய அரண்மனை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயோவா மாகாணத்தில் பாரஸ்ட் ஸிட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வின்னிபேகோ கம்பெனியார் 1966-ஆம் ஆண்டில் மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலையில் வரிசை முறையில் கட்டியபடியால் விலை குறைந்தது. விலை குறையவே வாங்குவோர் பெருகினார்கள். சில வருஷங்களுக்குள் எந்தக் கம்பெனியின் மோட்டார் வீட்டைக் கண்டாலும் 'வின்னிபேகோ' என்றே ஜனங்கள் அழைக்கும்படி ஆயிற்று.

மோட்டார் வீடு என்றால் என்ன? லாரியின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு நீண்ட பெட்டி. அதற்குள் கட்டில், சமையல் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஸ்நான அறை, மேஜை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி. கணவன் வண்டியை ஓட்டுகிறான். இரவு வந்ததும் ஒரு தோப்போரமாக நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறான். ஹோட்டல் வாடகை இல்லை. குழந்தைகளுக்குத் தேசத்தின் மலைகளையும் நதிகளையும் காட்டலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் குளிர் காலத்தில் தெற்கே போய்க் கோடையில் வடக்கே திரும்பலாம். மத்திய தரக் குடும்பத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் இந்த அரண்மனைக்குப் பசி அதிகம். ஒரு காலன் பெட்ரோலுக்கு 8 மைல் போனால் பெரிய காரியம். அமெரிக்கக் காலன் நமது கணக்கில் 3¾ லிட்டருக்குச் சற்று அதிகம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த வரையில் இந்தப் பசியை யாரும் லட்சியம் செய்யவில்லை.

எண்ணெய் தந்த பாடம்

1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மேற்காசியாவில் யுத்தம் மூண்டது. அதையொட்டி அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் கடைகளின் முன்பு மோட்டார்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளை மூடும்படி ஜனாதிபதி நிக்ஸன் கேட்டுக்கொண்டார். ஜெர்மனியிலோ அவ்வருஷம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதே கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டார்கள். மோட்டார்களுக்காகவே போட்ட அகன்ற சாலைகளில் ஜனங்கள் உல்லாசமாக நடந்து போனார்கள்.

1974 ஜனவரியில் அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைலே உச்ச வேகம் என்று சட்டம் பிறந்தது. மோட்டார் வீட்டு வியாபாரம் படுத்துவிட்டது. இனி இந்த வண்டிகளுக்கு வாழ்வு ஏது என்று பலரும் எண்ணினார்கள். பிரயாணமே வீண் ஆடம்பரம் என்று ஒரு சாரார் பேசத் தொடங்கினார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. குற்றம் பிரயாணத்தில் இல்லை. உடன் எடுத்துச் சென்ற வீட்டின் அளவில்தான் இருந்தது. இதை விளங்கிக்கொள்ளச் சிறிது பௌதிகம் வேண்டும்.

காற்று வாங்கும் வரி

ஓடுகிற வண்டி மூன்று எதிரிகளோடு போராடுகிறது. முதலாவது, சக்கரத்துக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு. வண்டியின் எடை கூடக்கூட இது கூடும். இரண்டாவது, மேடு, மலை ஏறும்போது ஒவ்வொரு ராத்தலையும் எஞ்சின்தான் தூக்கியாக வேண்டும். மூன்றாவது எதிரி காற்று. கண்ணுக்குத் தெரியாத இந்த எதிரிதான் சமவெளியில் வேகமாகப் போகும் வண்டிக்கு மகா சத்துரு.

காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். 65 மைல் வேகத்தில் போகிறவன் 55-க்குக் குறைத்துக்கொண்டால், காற்றுத் தடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். இதனால் நஷ்டம் எவ்வளவு? 220 மைல் தூரத்தை 65 மைல் வேகத்தில் கடக்க 3 மணி 23 நிமிஷம் ஆகும். 55 மைல் வேகத்தில் 4 மணி. முப்பத்தேழு நிமிஷத்தை விட்டுக்கொடுத்தால் காற்றுக்குக் கட்டும் வரியில் கால் பங்கு மிச்சம்.

முகப்பின் அளவும் இவ்விஷயத்தில் முக்கியம். எட்டடி அகலமும் பத்தடி உயரமுமுள்ள மோட்டார் வீடு, 80 சதுர அடிச் சுவர் ஒன்றைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போகிறது. ஐந்தரை அடி அகலமும் ஆறரை அடி உயரமுமுள்ள சிறு வண்டியோ 36 சதுர அடிக்குள் அடங்கிவிடுகிறது. முனை மழுங்கி வளைந்திருந்தால் இன்னும் லாபம்.

ஜெர்மானியரின் சிறு வீடு

இந்த உண்மையை எண்ணெய்ப் பஞ்சம் வருவதற்கு முன்பே ஒரு தேசத்தார் அனுஷ்டானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் தோற்று இடிந்து கிடந்த ஜெர்மனியில் 1950-ஆம் ஆண்டில் போக்ஸ்வாகன் கம்பெனியார் சாமான் ஏற்றவும் ஆட்களை ஏற்றவும் ஒரு சிறு வண்டியைச் செய்தார்கள். மறு வருஷமே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனியார் அதற்குள் பொருத்தும்படியான மரச் சாமான்களைத் தயாரித்தார்கள். பகலில் பெஞ்சியாக இருப்பது இரவில் படுக்கையாகும். வாரநாட்களில் கடைச் சரக்கு ஏற்றும் வண்டி, விடுமுறை நாட்களில் குடும்பத்தின் வீடு.

பின்னால் இதற்குத் தூக்கிக்கொள்ளும் கூரையும் வந்தது. ஓடும்போது கூரை தாழ்ந்து காற்றுக்கு வழிவிடும். நின்றபின் அதைத் தூக்கிவிட்டால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அக்காலத்து இவ்வண்டிகளின் எஞ்சின் 2 லிட்டருக்கு மேற்பட்டதில்லை. காலனுக்கு 20 மைலை ஒட்டி ஓடின. ஸ்நான அறை கிடையாது. மலை ஏறும்போது மாட்டு வண்டியைப்போல் திணறும். ஆயினும் எளிய குடும்பங்கள் ஐரோப்பா முழுவதையும் இவற்றில் சுற்றி வந்தன. வறுமை கற்பித்த சிக்கனத்தைச் செல்வ நாடு பிற்பாடு தேடிப் போயிற்று.

அமெரிக்கர் கற்றுக்கொண்டது

எண்ணெய்ப் பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியின் சிறு லாரிகள்மீது நான்கு ஸிலிண்டர் எஞ்சினோடு குட்டி வீடுகள் தோன்றின. 1979-இல் ஈரானில் நடந்த புரட்சியால் எண்ணெய் விலை மறுபடி ஏறியபோது இவற்றுக்கு மதிப்பு உயர்ந்தது. பெரிய வீடுகளுக்குப் பெயர் பெற்ற வின்னிபேகோ கம்பெனியாரே 1983-இல் 'லேஷாரோ' என்ற சிறிய வண்டியை வெளியிட்டார்கள். பிரெஞ்சு ரெனோ கம்பெனியின் அடிச்சட்டம். இரண்டு லிட்டரை ஒட்டிய டீஸல் எஞ்சின். காலனுக்கு 20 மைலுக்கு மேல் ஓடும் என்ற விளம்பரம். ஒரு லிட்டர் டீஸலில் பெட்ரோலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அதிக சக்தி உண்டு. டீஸல் எஞ்சின் அச்சக்தியை வீணாக்குவதும் குறைவு.

சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை மறைப்பது நியாயமாகாது. சிறிய எஞ்சினை மலைப்பாதையில் விரட்டினால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். சிறு லாரியின் அச்சு தாங்கும் எடைக்கு மேல் வீட்டைக் கட்டிவிட்டுப் பிற்பாடு அச்சையே மாற்ற நேர்ந்ததும் உண்டு. 1987-இல் ரெனோ கம்பெனியார் அமெரிக்கச் சந்தையைவிட்டு விலகியபோது, லேஷாரோ வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் அலைய வேண்டியதாயிற்று. ஆகவே வண்டி சிறியதாக இருந்தால் மட்டும் போதாது; சுமைக்குத் தக்க எஞ்சினும், பழுது பார்க்க ஆளும் வேண்டும். இப்பாடத்தைக் கற்ற பிறகு வந்தவைதான் போக்ஸ்வாகன் அடிச்சட்டத்தில் 1995-இல் வந்த 'ரியால்டா'வும், ஸ்பிரிண்டர் என்ற ஜெர்மன் டீஸல் வண்டியின்மீது 2005-இல் வந்த 'வியூ'வும்.

ஒரு சிறு கணக்கு

சிக்கனம் என்றால் 20 மைல் ஓடும் வண்டியை 25 மைல் ஓடச் செய்வதுதான் பெரிது என்று தோன்றும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மைல் போக, 20 மைல் வண்டிக்கு 50 காலன் வேண்டும். 25 மைல் வண்டிக்கு 40 காலன். மிச்சம் 10 காலன். 8 மைல் ஓடும் பெரிய வண்டியை 10 மைல் ஓடச் செய்தாலோ, 125 காலன் 100 காலனாகிறது. மிச்சம் 25 காலன்! ஐந்து மைல் கூடியதைவிட இரண்டு மைல் கூடியதில் லாபம் அதிகம். எங்கே விரயம் மிகுதியோ அங்கே சிறு திருத்தமும் பெரும் பலன் தரும். பெரிய வண்டி வைத்திருப்பவர் அதை விற்றுவிட வேண்டுமென்பதில்லை. வேகத்தைக் குறைப்பதும், தேவைக்கு மேல் தண்ணீரைச் சுமக்காமலிருப்பதும் அவருக்குத்தான் முதலில் பலிக்கும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ எடை அல்லவா?

விளையாட்டு அல்ல, வாழ்க்கை

எண்ணெய் விலை ஏறினால் விடுமுறைப் பிரயாணம் ஒன்று குறைகிறது, அவ்வளவுதானே என்று சிலர் கேட்கலாம். 2008-ஆம் ஆண்டு இதற்கு விடை கூறியது. அவ்வருஷம் ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அதோடு அமெரிக்காவின் வீட்டுக் கடன்களும் வங்கிகளும் சரிந்தன. 2009 மார்ச்சில் பிளீட்வுட், மொனாக்கோ என்ற இரு பெரிய மோட்டார் வீட்டுக் கம்பெனிகள் திவால் மனுக் கொடுத்தன. அதே காலத்தில் நிலையான வீட்டை இழந்த முதியவர் பலர், பழைய வேன்களிலும் மோட்டார் வீடுகளிலும் குடியேறி, அறுவடைக்கு ஓரிடம், பண்டகசாலை வேலைக்கு ஓரிடம் என்று கூலி தேடி அலைந்தார்கள். ஜெஸிகா ப்ரூடர் என்ற அம்மையார் 2017-இல் வெளியிட்ட 'நோமேட்லாண்ட்' என்னும் நூல் இவர்களைப் பற்றியதே.

கூலிக்காக ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு எண்ணெய்ச் செலவு கூலியிலிருந்தே கழிகிறது. 2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை முதன்முறையாகக் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. 1,000 மைல் தள்ளியிருக்கும் வேலைக்குப் போக, 8 மைல் வண்டிக்கு 625 டாலர் வேண்டும். 20 மைல் வண்டிக்கு 250 டாலர். வித்தியாசமான 375 டாலர் ஓர் ஏழை முதியவரின் மருந்தும் உணவும் ஆகும். இவர்கள் விஷயத்தில் சிக்கன வண்டி என்பது மானத்தோடு பிழைப்பதற்கு ஒரு சாதனம்.

சூரியன் தரும் எரிபொருள்

இன்னொரு திசையிலும் முயற்சி நடந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்டெல்லா வீட்டா' என்று ஒரு வண்டியைக் கட்டினார்கள். கூரையின்மேல் சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகள்; நிற்கும்போது அவற்றை இறக்கைபோல் விரித்துக்கொள்ளலாம். கட்டில், அடுப்பு, குளிக்கும் வசதி எல்லாம் இருந்தும் எடை சுமார் 1,700 கிலோதான். நல்ல வெயில் நாளில் 730 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கிட்டார்கள். அதிலேயே ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியிலுள்ள தாரிபா வரை போய்ச் சேர்ந்தார்கள். இது கடையில் விற்கும் வண்டி அல்ல, மாணவர்களின் பரீக்ஷை. ஆயினும் அதன் மழைத்துளி போன்ற உருவத்தையும் குறைந்த எடையையும் கவனியுங்கள். எரிபொருள் மாறினாலும் பழைய விதி மாறவில்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டில் மோட்டார் வீடு வைத்திருப்பவர் மிகச் சிலர். ஆனால் க்ஷேத்திராடனத்துக்கு வேன் அமர்த்திக்கொண்டு போகாத குடும்பம் உண்டா? இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாம் விரயம் செய்யும் ஒவ்வொரு லிட்டரும் தேசத்தின் செல்வத்தைக் கப்பலேற்றுகிறது. கூரைமேல் மலைபோல் சாமானைக் கட்டுவது, காற்றுக் குறைந்த டயரோடு ஓடுவது, அரை மணி முன்னதாகப் புறப்படாமல் வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்பது ஆகிய மூன்றையும் விட்டாலே நாம் செய்யும் உபகாரம் சிறிதல்ல.

எண்ணெயின் விலையை நிர்ணயிப்பவர்கள் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். சுமையின் அளவும் வண்டியின் வேகமும் நம் கையில் இருக்கின்றன. ஊர் சுற்றும் ஆசையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மூட்டையைச் சுருக்கிக்கொண்டால் போதும்.