குடைவரையும் ஒரு பழைய விளையாட்டும்

சென்ற விடுமுறையில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரஞ் சென்ற நாம், ஆங்கு முற்றுப்பெறாத குடைவரையொன்றின் முன் நெடுநேரம் நின்றோம். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையின் முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சதுரங்களாகப் பகுத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் தகர்த்து உட்புகுந்தனர். பணி நடுவே நின்றுபோனமையாலன்றோ அம்முறை நம் கண்ணுக்குப் புலனாகின்றது! அச்சதுரங்களைக் கண்டதும் நம் நினைவிற்கு வந்தது, இளமையில் தோழரொருவர் இல்லத்தில் ஆடிய ஒரு கணிப்பொறி விளையாட்டு. அன்பர்கள் நகைத்தல் வேண்டா.

'மானிக் மைனர்' என்பது அதன் பெயர். பித்தேறிய சுரங்கக்காரன் எனப் பொருள் கூறலாம். லிவர்ப்பூல் நகரின் அருகே வாழ்ந்த மாத்யூ ஸ்மித் என்பார், இருபது வயதும் நிரம்பாத பருவத்தே இயற்றிய அது, 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணிப்பொறியில், ஒலிநாடாவிலிருந்து சில நிமிஷங்கள் கிறீச்சிட்ட பின்னரே ஆட்டம் தொடங்கும். அக்கணிப்பொறி உரிமம் பெற்று, 1980களின் பிற்பகுதியில் நம் நாட்டிலும் விற்கப்பட்டது.

வில்லி என்னும் சுரங்கக்காரன் இருபது குகைகளைக் கடத்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் மின்னும் பொருள்களையெல்லாம் பொறுக்கிய பின்னரே வாயில் திறக்கும். காற்றோ கணந்தோறும் குறைந்துவரும். பகைவர் யாவரெனின், பென்குவின் பறவைகள், உருத்திரிந்த தொலைபேசிகள், ஒரு குகையில் (கூறவும் நாணுகின்றோம்) நடமாடும் மலக்கூடப் பீங்கான்கள்! மூன்றுயிரும் மாய்ந்தால், மேலிருந்து பெரியதொரு பூட்ஸ் இறங்கி அவனை நசுக்கிவிடும்.

இத்துணையும் 48 கிலோபைட் நினைவகத்தில் அடங்கியது எங்ஙனம்? குகை தோன்றும் பகுதியை நெட்டில் 32, குறுக்கில் 16, ஆக 512 கட்டங்களாக வகுத்தார் ஸ்மித். ஒரு கட்டம் சுவரா, தளமா, மிதிக்க மிதிக்கக் கரையும் மண்ணா, நச்சுச் செடியா, வெற்றிடமா என்பதனை ஒரே பைட் குறிக்கும். கட்டங்களின் வடிவம், பகைவரின் நடை முதலியவற்றையுஞ் சேர்த்து ஒரு குகைக்கு 1,024 பைட், இருபதிற்கும் 20,480. இக்காலத்துக் கைபேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படம் இதனினும் நூறு மடங்கு இடங்கொள்ளுதல் உண்டு.

அப்பழங் கணிப்பொறியைப் போலவே நடிக்கும் செயலி இன்று கிடைத்தலின், ஊர் திரும்பியதும் மீண்டும் ஆடிப் பார்த்தோம். அந்நாளில் நாம் பெரிதும் வெறுத்தது ஒன்றே: தாவிய வில்லியை நடுவானில் திருப்ப முடியாது. அதனைக் குறையென்றே எண்ணியிருந்தோம். இப்பொழுதோ நம் கருத்து மாறிவிட்டது. தாவலின் அளவு என்றும் ஒன்றேயாதலால், தாவுமுன் கட்டங்களை எண்ணிக்கொள்ளலாம்; எண்ணாது தாவி வீழ்ந்தால் பழி நம்முடையதே. பரமபதத்தில் பாம்பு விழுங்கினால் தாயக்கட்டையை நொந்துகொள்ளலாம். ஈண்டு அதற்கு இடமில்லை. பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்டவியலாத சிற்பியும், உளியை ஓங்குமுன் இவ்வாறே அளந்திருப்பான் போலும்.

நாமோ இன்னும் ஐந்தாங் குகையைத் தாண்டினோமில்லை. பீங்கான்கள் அத்துணைக் கொடியவை.