பூதம் செய்த பாவையும் வேளார் செய்த குதிரையும்

கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனைக் கும்பிட வருகிறவர்களிடம், சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை இவள்தான் என்று சொல்வார்கள். அந்தப் பாவையைப் பூதம் செய்ததாக நற்றிணையில் ஒரு பாட்டு சொல்கிறது. தெய்வம் ஆக்கியதாக இன்னொரு பாட்டு. காற்றும் மழையும் இடியும் அதன் அழகைக் குலைக்காதாம். மனிதச் சிற்பியைப் பற்றிய பேச்சே இல்லை. செய்தவரை மறக்கடித்து, பார்ப்பவரை அதன் முன்னால் அப்படியே நிறுத்திவிடும் உருவம் அது. பழங்குடிக் கலையும் நாட்டார் கலையும் நம்மை இழுப்பது இந்த வலிமையால்தான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியில்லாத கை, குழந்தைக் கோடு என்று சொல்லி இவற்றை ரசிப்பவர்கள் உண்டு. அந்தப் பாராட்டில் செய்தவரின் அறிவுக்கு இடமில்லை.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் காவல் தெய்வமான ஐயனாருக்காக, மண்பாண்டம் வனையும் வேளார்கள் செய்யும் மண்குதிரைகளைப் பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டியவையும் உண்டு. களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். மண் காயும்போது வெடிக்காமல் இவை காக்கும். சூளையில் உமி எரிந்து நுண்துளைகள் விழும். நீராவி அவற்றின் வழியே வெளியேறும். முதலில் கால்கள், உள்ளே கூடு விட்ட உருளைகளாக. அவை ஓரளவு இறுகிய பிறகே மேலே வயிற்றுச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப முடியும். அவசரப்பட்டால் ஈர மண் தன் பாரத்திலேயே சரிந்துவிடும். நிஜக் குதிரையின் மெலிந்த கணுக்கால் இங்கே நிற்காது. அந்தத் தூண் கால்களும் பீப்பாய் உடலும் மண்ணும் நெருப்பும் கேட்டு வாங்கியவை. பிதுங்கிய கண்ணுக்குக் காரணம் வேறு. ஐயனார் இரவில் ஏறி ஊரைக் காவல் சுற்றும் குதிரை அது. தூரத்திலிருந்தே மிரட்ட வேண்டும். கண் திறந்த பிறகுதான் அது சாமிக்குரியது. புரவி எடுப்புத் திருவிழாவன்று ஊரே தோளில் சுமந்து போய்க் கோயில் வாசலில் நிறுத்தும். பிறகு வெயிலும் மழையும் அதைச் சிதைக்கலாம். அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும்.

இத்தகைய உருவங்கள் நவீன கலைஞர்களையும் இழுத்திருக்கின்றன. 1907இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு பிக்காசோ அதிர்ந்தது உலகறிந்த கதை. நம்மூரில் சிற்பி பி.வி. ஜானகிராம் அவ்வளவு தூரம் போகவில்லை. கோயில் மூலவருக்குச் சார்த்தும் உலோகக் கவசத்தை உற்றுப் பார்த்தார். செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, பற்றவைத்து, முன்பக்கம் மட்டுமே பேசும் சிற்பங்களைப் படைத்தார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இப்படிப்பட்ட தேடல்களுக்கு வீடாக இருந்தது.

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பைக் குறும்பர்கள் தேனெடுப்பையும் சடங்கையும் சில கோடுகளிலேயே வரைந்துவிடுகிறார்கள். சுவரிலிருந்த ஓவியம் இப்போது தாளுக்கும் துணிக்கும் வந்திருக்கிறது. அதன் செம்பழுப்பு, வேங்கை மரப்பட்டையைக் கீறினால் கசியும் பிசினிலிருந்து கிடைப்பது. இந்த ஓவியங்களை விரும்பி வாங்குகிறவர்கள், அந்த மக்கள் காட்டுக்குள் போய்வரும் உரிமையைப் பற்றியும் பேச வேண்டும். வேங்கை நிற்பது அங்கேதான்.