புளி அல்ல, பட்டினியே பகை

"மிஸ், தேசிக்காயும் புளியும் சாப்பிட்டால் இரத்தத்தில் அமிலம் கூடி வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாதாமே?" கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

அப்படியில்லை, சகோதரிகளே. உணவின் புளிப்பு இரத்தத்தை அமிலமாக்குவதில்லை. இரத்தத்தின் அமில, கார அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரவுபகலாக அதைக் காக்கின்றன.

கர்ப்பகாலத்தில் தாயின் மூச்சு சற்று ஆழமாகும். இதற்குக் காரணம் உண்டு. கருவிலுள்ள பிள்ளை தானாக மூச்சுவிடுவதில்லை. அதன் கழிவான காபனீரொட்சைட்டு நச்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில் சேர்ந்து, தாயின் மூச்சோடு வெளியேறுகிறது. இந்த மாற்றத்தை ஈடுசெய்யச் சிறுநீரகம் காரச் சத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஆகவே அமிலம் திடீரெனக் கூடினால் அதைத் தாங்கும் கையிருப்பு கர்ப்பிணிக்குக் குறைவு.

அமிலம் எப்போது கூடும்? பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரிக்கும். அப்போது கீற்றோன் என்னும் அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேரும். கடைசி மாதங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஓயாத சத்தியால் சாப்பாடு தங்காதபோதும், கடும் வயிற்றோட்டத்திலும், கட்டுப்படாத சலரோகத்திலும் அமிலம் கூடலாம். தாயின் இரத்தத்தில் கூடினால் பிள்ளையையும் அது பாதிக்கும். சலரோகத்தால் வரும் கடுமையான நிலையில் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

"பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சினால் சாப்பிடுவன்" என்று சொல்லும் தாய்மாரை நான் நிறையவே சந்திக்கிறேன். இடம்பெயர்ந்த நாட்களில் பழகிய இப்பழக்கம் பலரை இன்றும் விடவில்லை. கர்ப்பிணியின் பங்கு மிச்சச் சோறு அல்ல. அதில் இன்னொரு உயிரின் பங்கும் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். சத்தி இருந்தால் கஞ்சியையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடியுங்கள். கிளினிக்கில் உங்களுக்குத் தரும் திரிபோஷாவை நீங்களே சாப்பிடுங்கள். நெஞ்செரிவுக்கு வைத்தியரைக் கேளாமல் அப்பச்சோடா குடிக்க வேண்டாம்.

தண்ணீர்கூடத் தங்காத சத்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம், பிள்ளைத் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். துணைக்கு ஆளில்லாத சகோதரிகள் அயல்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதின் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும்.