மூடு வேகன்: வரலாறும் மாதிரியும்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

புகைவண்டி என்றதும் நம் கண்முன் நிற்பது என்ஜின். அதற்கு அடுத்தபடி பயணிகள் பெட்டி. ஜன்னலும் இல்லாமல், பெயர்ப்பலகையும் இல்லாமல், செங்காவி நிறத்தில் தூசி படிந்து ஊர்ந்து போகும் சரக்கு வேகனை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? ரயில்வே கேட்டில் நிற்கும்போது எத்தனை பெட்டிகள் என்று எண்ணுவோம். கேட் திறந்ததும் எண்ணிக்கையை மறந்து விடுவோம். ஆனால் கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் ஆக்கியதில் இந்த முகமற்ற பெட்டிக்கு உள்ள பங்கு எந்த விரைவு வண்டிக்கும் கிடையாது என்று நான் துணிந்து சொல்வேன். பஞ்சுப் பொதி, நூல் பேல், மதுக்கரை சிமென்ட், ஈரோட்டு மஞ்சள், நிலக்கடலை, வெல்லம் என்று கொங்கு நாட்டின் கொள்முதலும் விற்பனையும் நெடுங்காலம் இதன் வயிற்றில்தான் பயணம் செய்தன.

மழையில் நனையக்கூடாத சரக்கை ஏற்றுவதற்காக நான்கு புறமும் கூரையும் அடைத்துச் செய்த வேகனுக்கு மூடு வேகன் என்று பெயர். அமெரிக்கர் இதனைப் பாக்ஸ்கார் என்பர். அங்கே இதன் சிறு மாதிரிகளைச் செய்வது பெரியவர்களும் ஈடுபடும் ஒரு கலை. அதற்கென்று 1935இலேயே தேசியச் சங்கம் கண்டவர்கள் அவர்கள். மூன்று ஆண்டுகளாக அதே வேலையை நம் ஊர் வேகன்களை வைத்து அட்டையில் செய்து வருகிறேன். "பொம்மை வண்டி" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அந்தப் பொம்மையைச் சரியாகச் செய்ய எவ்வளவு வரலாறும் கணக்கும் வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பாதையின் கதை. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. மேற்குக் கடற்கரையில் பேப்பூரிலிருந்து திரூர் வரை 1861இல் பாதை திறந்தார்கள். இரண்டு முனைகளும் 1862இல் ஒன்று சேர்ந்தன. அந்தப் பாதை கோவை நகரைத் தொடவே இல்லை. போத்தனூர் வழியாக ஒதுங்கிப் போயிற்று. 1873இல்தான் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது. போத்தனூர் தாய், கோவை சேய் என்று அவ்வூர்ப் பெரியவர்கள் பெருமை பேசுவதில் நியாயம் இருக்கிறது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியபோது அதற்கு வேண்டிய இருப்புப்பாதை ஏற்கெனவே காத்திருந்தது.

அக்கால வேகன்கள் ஆங்கிலேயர் வழக்கப்படி நான்கே சக்கரம் கொண்ட குட்டைப் பெட்டிகள். அமெரிக்கப் பாக்ஸ்காரோ எட்டுச் சக்கரம் உடைய நீண்ட பெட்டி, பக்கவாட்டில் நகரும் கதவு, கூரையின்மேல் நடைபலகை. ஓடும் வண்டியில் அந்தப் பலகைமீது நடந்து போய்ப் பெட்டி பெட்டியாகக் கைப்பிரேக்கைத் திருகுவது அங்கே ஒரு தொழிலாளியின் அன்றாட வேலையாக இருந்தது. தவறி விழுந்து மாண்டவர் பலர். 1893இல் சட்டம் இயற்றித்தான் அந்தக் கொடுமையைக் குறைக்க முடிந்தது. நம்மிடத்தில் கதவுகள் கீல் வைத்துத் திறப்பவை, கூரையில் நடைபலகை இல்லை. சிறு வேகனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வியாபாரியின் ஒரு லோடு அதில் அடங்கிவிடும். ஆலை சைடிங்கில் என்ஜின் இல்லாவிட்டாலும் ஆட்கள் கூடித் தள்ளி விடலாம்.

இப்பகுதிக்கு அகலப்பாதையோடு மீட்டர் பாதையும் வந்தது. போத்தனூர் – பொள்ளாச்சி 1915, அங்கிருந்து திண்டுக்கல் 1928. ஆதலால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் சரக்கு அகலப்பாதையில் போக வேண்டுமானால் போத்தனூரில் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். சுமைக்காரரின் முதுகுதான் இரு பாதைகளுக்கும் பாலம். ஈரோடு – திருச்சிப் பாதையின் கதை இதைவிட வேடிக்கை. முதலில் அகலப்பாதையாகப் போட்டு, 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கி, 1929இல் மறுபடியும் அகலமாக்கினார்கள்! போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர் பாதை 2017இல்தான் அகலப்பாதையாக மறுபிறவி எடுத்தது.

வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளே அதன் சாதகம். 1908இல் பழைய மெட்ராஸ் ரயில்வே கலைக்கப்பட்டு, ஜோலார்பேட்டைக்குத் தெற்கே மங்களூர் வரையிலான பாதை தென்னிந்திய ரயில்வேக்குப் போயிற்று. வடபகுதி மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனிக்கு. ஆனால் வேகன்கள் எல்லை பார்ப்பதில்லை. ஒரு கம்பெனியின் வேகன் மற்றொன்றின் பாதையிலும் ஓடும். 1951 ஏப்ரல் 14இல் இரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. இன்றைய வேகனில் பதினொரு இலக்க எண் இருக்கும். அதில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் அது கட்டப்பட்ட ஆண்டைக் காட்டும். அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது பாருங்கள். உங்களைவிட வயதில் மூத்த வேகன் ஒன்றேனும் கண்ணில் படலாம்.

இனி மாதிரிக்கு வருவோம். உலகில் அதிகம் பேர் கையாளுவது எச்.ஓ. எனப்படும் அளவு, 87இல் ஒரு பங்கு. கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதை 87ஆல் பெருக்கினால் 1435 வரும். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலம். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே நம் வேகனை அதே அளவில் செய்து கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடம்புக்காரர் கால்களை ஒட்டி வைத்து நிற்பதுபோல் இருக்கும். கடைத் தண்டவாளத்தையே வைத்துக்கொள்வதானால் வேகனை 102இல் ஒரு பங்காகச் சிறுக்க வேண்டும். நான் 87ஐயே வைத்துக்கொண்டு தண்டவாளத்தை 19.3க்குக் கையால் பதித்துக்கொள்கிறேன். காரணம் போத்தனூர்தான். மீட்டர் பாதை 87இல் 11.5 மில்லிமீட்டர் ஆகிறது. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கும். இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தச் சுமைக்காரர் நடந்த தூரம் தெரியும்.

எடைக் கணக்கு இன்னும் சுவையானது. நீளம் 87இல் ஒரு பங்கானால் கனஅளவு 87ஐ மும்முறை பெருக்கிய எண்ணில், அதாவது 6,58,503இல் ஒரு பங்காகும். சி.ஆர்.டி. என்ற நான்கு சக்கர மூடு வேகனின் வெற்று எடை ஏறத்தாழ 13 டன். மாதிரியில் அது 20 கிராம்! மின்விசிறிக் காற்றுக்கே தடம் புரளும். அதனால் தரைக்கு அடியில் ஈயத்தகடு ஒட்டி 80 கிராம் வரை ஏற்றுவது வழக்கம். வளைவும் அப்படியே. அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அதுவே இரண்டு மீட்டர். விடுதி அறையில் இரண்டு மீட்டர் ஆரத்துக்கு எங்கே போவது? எனவே எல்லா மாதிரிக்காரர்களும் வளைவில் மட்டும் இயற்கையை ஏமாற்றுகிறார்கள்.

அளவெடுப்பதற்குத் தண்டவாளத்தில் இறங்கக்கூடாது. அது குற்றமுமாகும், ஆபத்துமாகும். பிளாட்பாரத்தில் நின்று எடுத்த புகைப்படமே போதும். வேகனின் முகப்பை நேரெதிரே எடுத்த படத்தில், அதன் காலடியில் தெரியும் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர் என்பது உறுதி. அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடலாம். பஃபர்களின் மையங்களுக்கு இடையே 1956 மில்லிமீட்டர் என்பதும் தெரிந்த அளவுதான். ஆனால் அவை முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால் பின்சுவரை அளக்க உதவா. சக்கரத்தையும் நம்பலாகாது. புதிதில் 1000 மில்லிமீட்டர் இருக்கும் சக்கரம் தேய்ந்து தேய்ந்து 906 வரை வந்த பிறகே கழிக்கப்படும்.

கணபதியில் என் பெரியப்பா பேட்டர்ன் வேலை செய்கிறார். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடாகப் பேட்டர்னைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். "இதுல நூறுன்னு போட்டிருந்தா நெசத்துல நூத்தியொண்ணு கண்ணு" என்று காட்டினார். அதைப் பார்த்துத்தான் 87க்கு ஓர் அட்டைக் கோல் செய்துகொண்டேன். வேகன் அளவை நேரே அதில் வைத்து வெட்டலாம். ஒவ்வொரு தடவையும் வகுக்கத் தேவையில்லை.

செய்முறையை நீட்டவில்லை. தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை சுவருக்கு நல்லது. பழைய வேகன்கள் தறையாணி அடித்தவை. பிற்காலத்தவை வெல்டிங் செய்தவை. ஆகையால் ஆணிப் புள்ளி உண்டா இல்லையா என்பதைக் கொண்டே வேகனின் காலத்தைச் சொல்லிவிடலாம். அட்டையின் பின்புறமிருந்து மழுங்கிய காம்பஸ் முனையால் அழுத்தினால் புள்ளிகள் எழும்பும். முப்பரிமாண அச்சில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று பொறியியல் கல்லூரி நண்பர் சொல்கிறார். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தும்போதுதான், இந்த இடத்தில் ஆணி ஏன் நெருங்கி இருக்கிறது என்ற கேள்வி பிறக்கிறது. பழைய அச்சுப் பெட்டியின் மூடியும் அப்படிப்பட்டதே. அதற்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவை அடைத்து அச்சுக்கு உயவு கொடுத்தார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறிப் புகையும், வண்டி நிற்கும். உருளைத் தாங்கி வந்த பிறகு அந்த மூடியும் மறைந்தது.

சுவரின் மேற்புறத்தில் காற்றுத் துளை ஒன்று வரும். 87இல் அது சில மில்லிமீட்டர்தான். பென்சில் கோடு போட்டு விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நான் அதை விடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1921 நவம்பர் 19ஆம் நாள் மாலை, மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் சுமார் நூறு பேரைத் திரூர் நிலையத்தில் ஒரு மூடிய வேகனில் ஏற்றினார்கள். சாமான்கள் ஏற்றுவதற்கான வேகன் அது, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனிக்கு உரியது, எண் 1711. கதவை வெளியே தாழிட்டார்கள். ஷொரணூர், ஒலவக்கோடு கடந்து வண்டி இரவில் போத்தனூர் வந்தது. இங்கேதான் கதவைத் திறந்தார்கள். 56 பேர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். எஞ்சியவர்களிலும் சிலர் பின்னர் இறந்தனர். மொத்தம் எழுபதை ஒட்டிய உயிர்கள். அரசு அமைத்த நாப் குழு விசாரித்தது. காற்றுக்கென்று அந்த வேகனில் இடம் விட்டிருந்தார்கள். ஆனால் அதை மூடியிருந்த நுண்ணிய கம்பி வலை பெயிண்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. திரூரில் அந்த வேகனின் வடிவத்திலேயே நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். போத்தனூர் வழியாகத் தினமும் கல்லூரிக்கு வரும் நம் நண்பர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வேகனைக் கட்டியவர்கள்மீது குற்றம் சுமத்தி அத்தோடு விடுவது சரியன்று. பெட்டிகளும் மூட்டைகளும் மூச்சு விடுவதில்லை. அவற்றுக்குச் செய்த வண்டியில் மனிதரை அடைத்துத் தாழிட்டவர்களே பொறுப்பாளிகள். இருந்தாலும் மாதிரிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்தத் துளைக்கு வந்ததும் தூரிகை தானாக நிற்கிறது. முதலில் துளையில் ஊசியைச் செருகி வைத்துப் பிறகே நிறம் பூசுகிறேன்.

நான்கு சக்கர வேகன்களின் காலம் முடிந்துவிட்டது. எட்டுச் சக்கர பி.சி.எக்ஸ்., அதன்பின் காற்று பிரேக் கொண்ட பி.சி.என். என்று வந்தன. பி.சி.என். ஒன்று 55 டன் அளவு சுமக்கும், சி.ஆர்.டி. சுமந்ததைப் போல் இரு மடங்கு. இப்போது ஓடும் பி.சி.என்.எச்.எல். வேகன்கள் 58 சேர்ந்து ஒரே வண்டியாக, ஒரே சரக்குடன், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போகின்றன. ஒரு வியாபாரிக்கு ஒரு வேகன் என்ற முறை போய், அந்த வேலை லாரிக்கு வந்து சேர்ந்தது. கழித்த வேகனைப் பெரும்பாலும் பாதுகாப்பதில்லை; வெட்டிப் பழைய இரும்பாக விற்றுவிடுகிறார்கள். என்ஜின்களை நிலைய வாசல்களில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறோம். ஊரின் சரக்கையெல்லாம் சுமந்த நான்கு சக்கர வேகனுக்கு அந்த மரியாதை அரிது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பேராசிரியப் பெருமக்கள் வீட்டிலோ நண்பர்கள் வீட்டிலோ, ஆலை சைடிங்கிலும் கூட்ஸ் ஷெட்டிலும் எடுத்த பழைய புகைப்படங்கள் இருக்கலாம். ஆயுத பூஜைக்கு எடுத்த குழுப்படமாக இருந்தாலும் சரி, பின்னால் ஒரு வேகனின் கதவோ எண்ணோ தெரிந்தால் போதும். படத்தை இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடுவேன். தற்சமயம் எனக்கு வேண்டியது மீட்டர் பாதை மூடு வேகனின் கதவுத் தாழ். பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் தேடிப் பார்க்கவும்.