பசிபிக் என்னும் பெயரடை

பள்ளி மாணவரிடம் 'பசிபிக்' என்று சொன்னால், உலகப் படத்தின் அகன்ற நீலப் பரப்பே அவர் மனக்கண்முன் தோன்றும். ஆங்கிலத்தில் அச்சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் மாகடலின் பெயர். சிறிய எழுத்தில் தொடங்கினால் குணத்தைச் சுட்டும் பெயரடை. அகராதியைப் புரட்டினால் 'அமைதியான' என்று பொருள் காண்போம். அது தவறன்று, ஆயினும் பாதிப் பொருளே.

இச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'பாக்ஸ்' என்றால் சமாதானம். அதனோடு 'செய்தல்' என்னும் வினை சேர்ந்துள்ளது. ஆகவே இதன் வேர்ப்பொருள் 'சமாதானம் செய்கின்ற' என்பதாகும். மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில் ஆண்டவர் பேறுபெற்றோர் என அழைக்கும் சமாதானம் செய்வோரை, இலத்தீன் விவிலியம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. கிரேக்க மூலத்திலும் அவ்வாறே, சமாதானமும் செய்தலும் இணைந்த ஒரு கூட்டுச் சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. வாளாவிருப்பவரை அது குறிக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கடலுக்கு இப்பெயர் வந்த கதை சுவையானது. 1513-இல் பனாமாவின் மலைமேல் நின்று அதனைக் கண்ட பல்போவா, 'தென்கடல்' என்றுதான் அழைத்தார். 1520 நவம்பர் 28-ஆம் நாள், புயல் மிகுந்த நீரிணையைக் கடந்து அக்கடலுள் நுழைந்த மகெல்லனின் கப்பல்கள், அங்கே சூறாவளி எதையும் சந்திக்கவில்லை. ஆகவே அவர் அமைதிக் கடல் என்றார். ஆனால் 1521 மார்ச் 6-ஆம் நாள் குவாம் தீவை அடையும்வரை மாலுமிகள் தோலையும் மரத்தூளையும் தின்று உயிர் பிடித்தனர்; எலியும் விலைக்கு விற்றது. பலர் நோயால் மாண்டனர். பெயரின் முற்பாதியைத் தமிழில் படித்தால் அவர்கள் நிலை விளங்கும்!

இனி வழக்கைப் பார்ப்போம். காற்றும் அலையும் ஓய்ந்தால் ஆங்கிலேயர் 'காம்' என்பர். சிற்றூர், உறக்கம், நல்மரணம் ஆகியவற்றுக்குப் 'பீஸ்ஃபுல்' பொருந்தும். 'பசிபிக்' பெரும்பாலும் மனிதரின் இயல்புக்கும் நோக்கத்துக்கும் வழிமுறைக்கும் உரியது. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில், அதே மாகடலின் கரையில், கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 6-ஆம் அதிகாரத் தலைப்பில் இச்சொல் இருக்கிறது. நாடுகளின் பிணக்குகளைப் போரின்றித் தீர்ப்பதே அவ்வதிகாரத்தின் பொருள்.

நம் இல்லங்களுக்கு வருவோம். தந்தையின் சினத்துக்கு அஞ்சி மனைவியும் மக்களும் வாய்மூடியிருக்கும் வீட்டில் ஓசை இராது. அவ்வீட்டை இச்சொல்லால் அழைக்க இயலுமோ? நிலத்தகராறில் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பி இருவரையும் உரத்த குரலில் கடிந்துகொண்டு, ஒரே பந்தியில் உட்கார வைக்கும் அத்தைக்கு இச்சொல் முற்றிலும் பொருந்தும். அவர் ஒருபோதும் 'காம்' ஆனவர் அல்லர் என்பது வேறு செய்தி.

இச்சொல்லின் குடும்பத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. இஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பு 1573-இல் பிறப்பித்த ஆணைகளில், அமெரிக்க நாடுகளைப் பற்றி எழுதுகையில் 'வெற்றிகொள்ளுதல்' என்ற சொல்லை விலக்கி, 'சமாதானப்படுத்துதல்' என்ற சொல்லையே வழங்கப் பணித்தார். பெயர் மாறிற்று, அம்மக்களின் நிலமோ திரும்பவில்லை. இதைக் கத்தோலிக்கராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

அதே வினைச்சொல் திருப்பலியிலும் உண்டு. உரோமைத் திருச்சபையின் முதல் நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில், திருச்சபைக்குச் சமாதானம் அருளுமாறு குரு இறைவனை இலத்தீனில் வேண்டுவது இச்சொல்லால்தான். முன்னாளில் இலத்தீன் பூசை கண்ட முதியோரும் இதைக் காதால் கேட்டிருப்பது அரிது. அப்பகுதியைக் குருவானவர் மிகத் தாழ்ந்த குரலில் சொல்வதே அன்றைய ஒழுங்கு.