உள்ளத்தை அறியும் கல்வி



நம் இல்லத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம், ஓதி ஊதுகிறோம், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறோம். அதே குழந்தை பல நாள்களாக உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தால்? "பிடிவாதம்" என்கிறோம், "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்கிறோம், சற்று வளர்ந்த பிள்ளையாயின், "ஈமான் பலவீனம்" என்றுகூடத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

இதனைப் பிறருக்குச் சொல்லும் முன் என் குறையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் குர்ஆன் மனனம் செய்துவந்த பதினொரு வயது மாணவன் ஒருவன் திடீரெனத் தடுமாறத் தொடங்கினான். நேற்று ஒப்பித்த பாடம் இன்று அவனுக்கு நினைவில் இல்லை. நான் கடிந்துகொண்டேன், மற்றப் பிள்ளைகளின் முன் நிற்க வைத்தேன். மூன்று வாரங்களுக்குப் பின் அவனுடைய தாயார் வந்து சொன்ன பிறகே எனக்கு உண்மை விளங்கியது. அவனை வளர்த்த பாட்டியார் மௌத்தாகியிருந்தார்கள். பிள்ளை இரவெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறான். கல்லூரியில் உளவியலைத் துணைப்பாடமாகப் படித்துத் தேறியவன் நான். தேர்வோடு அதனை மறந்துவிட்டதன் விலையை அந்தப் பிள்ளை கொடுத்தான்.

உளவியல் என்பது யாது?

மனோதத்துவம் என்று முன்னர் வழங்கப்பட்ட உளவியல், மனிதனின் எண்ணம், உணர்ச்சி, நினைவு, நடத்தை ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை உற்றுநோக்கியும் சோதித்தும் அறியும் அறிவியலாகும். பிறர் மனத்திலுள்ளதைப் படிக்கும் மாய வித்தையன்று அது. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் இதற்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை தோன்றியது.

மதரஸாவோடு தொடர்புடைய ஒரு சான்றைக் கூறுகிறேன். எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஒரே மூச்சில் பலமுறை ஓதுவதைவிட, இடைவெளி விட்டுப் பல நாள்கள் திருப்பிப் பார்ப்பதே நிலைக்கிறது என்று அவர் கண்டார். புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்பிக்கச் செய்யும் நம் உஸ்தாதுமார்களின் முறை எத்துணைப் பொருத்தமானது, பாருங்கள்! துயரமும் தூக்கமின்மையும் கவனத்தையும் நினைவாற்றலையும் குலைக்கும் என்பதும் உளவியல் காட்டும் உண்மையே. அதனை அன்று நான் நினைவில் கொண்டிருந்தால், பிரம்பை நோக்கிச் சென்ற என் கை அவன் தோளை நோக்கிச் சென்றிருக்கும்.

நம் முன்னோர் அறிந்தது

இக்கல்வி நமக்கு அந்நியமானதன்று. பல்கு நாட்டைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 934இல் மறைந்தவர்) உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துயரம் வேறு என அவர் பிரித்துக் காட்டினார். அவசரத் தேவைக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், நலமாக இருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்குமாறும் அறிவுறுத்தினார்.

துயரம் ஈமானின் குறையென்றால், மகனைப் பிரிந்து அழுது கண்ணொளி இழந்த யஃகூப் (அலை) அவர்களைப் பற்றி என்ன சொல்வோம்? தம் குழந்தை இப்ராஹீமின் மறைவுக்குக் கண்ணீர் வடித்த பெருமானார் (ஸல்) அவர்களே, நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் நமக்குக் கற்பித்தார்கள்.

அறியாமையின் விலை

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 உயிர்கள் பலியாயின. அவர்களுள் பல சமயத்தவரும் இருந்தனர். அனைவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கொடியவை அல்ல. வேறு வழி அறியாதவை.

இன்று வழி உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. அரசு மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. 2022 முதல் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மருந்து எழுதித் தருபவர். உளவியல் ஆலோசகர் உரையாடியும் பயிற்சியளித்தும் துணைநிற்பவர். இருவரும் நமக்குத் தேவை.

பெற்றோர்களே! பிள்ளை முகம் வாடினால் முதலில் கேளுங்கள், பின்னர் கண்டியுங்கள். பிரசவத்திற்குப் பின் காரணமின்றி அழும் மருமகளை "நடிப்பு" என்று ஒதுக்காதீர்கள்; அதுவும் மருத்துவத்தால் தீரக்கூடிய நோயாயிருக்கலாம். துஆச் செய்யுங்கள், அதனோடு மருத்துவரையும் நாடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

உங்கள் மகளோ மகனோ உளவியல் படிக்க விரும்பினால், "அது பைத்தியங்களுக்கான படிப்பு" என்று தட்டிக்கழிக்காதீர்கள். ஆண் மருத்துவரிடம் வாய்திறக்கத் தயங்கும் எத்தனையோ சகோதரிகள், தம் மொழியும் மார்க்கமும் அறிந்த ஒரு பெண் ஆலோசகருக்காகக் காத்திருக்கின்றனர். அந்த ஆலோசகர் உங்கள் வீட்டிலிருந்து வரலாம்.

அந்த மாணவன் பின்னர் முப்பது ஜுஸ்உகளையும் நிறைவு செய்தான். பாடம் தடுமாறும் பிள்ளைகளிடம் இப்போது நான் கேட்கும் முதற் கேள்வி, "ஏன் படிக்கவில்லை?" என்பதன்று, "இரவு நன்றாகத் தூங்கினாயா, வாப்பா?" என்பதே.

உள்ளங்களை அறிந்து நடக்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.